பலேனோவா, எலைட் ஐ20-யா? செட்டிநாட்டுப் பக்கம் பழைய கார் வாங்குபவருக்கு முழு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் ஐந்தாறு லட்சத்தை வைத்துக்கொண்டு குடும்பத்துக்கு ஒரு பழைய பெட்ரோல் கார் தேடினால், பேச்சு சீக்கிரமே இரண்டு பெயர்களில் வந்து நிற்கும்: மாருதி பலேனோ, ஹூண்டாய் எலைட் ஐ20. ஐந்து பேர் உட்காரலாம், டிக்கியில் சாமான் ஏறும், மெக்கானிக்கும் உதிரி பாகமும் பக்கத்திலேயே கிடைக்கும். அப்புறம் வீட்டுக்குள் இரண்டு கட்சி ஆகிவிடும். சின்னவர் ஐ20 என்பார், பெரியவர் மாருதி என்பார்.

வாதாட வேண்டிய இடம் அது இல்லை என்பதுதான் என் கருத்து. இந்த இரண்டு மாடல்களுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைவிட, ஒரே மாடலில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம் மிகப் பெரியது. முந்தைய உரிமையாளர் அதை எப்படி வைத்திருந்தார் என்பதே உங்கள் அடுத்த ஐந்து வருடத்தைத் தீர்மானிக்கும். அதிலும் நம் பகுதிக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் ஊர் வீட்டில் நிறுத்தி வைத்த கார்கள் இங்கே நிறைய விற்பனைக்கு வருகின்றன. கிலோமீட்டர் குறைவாக இருக்கும், பெயிண்ட் மின்னும், விலையும் கூடுதலாகச் சொல்வார்கள். அந்த வண்டியை எப்படிப் பார்ப்பது என்பதற்குத்தான் இந்த வழிகாட்டியில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் இரண்டு மாடல்களும்

எலைட் ஐ20 ஆகஸ்ட் 2014-இல் வந்தது. 2018 தொடக்கத்தில் முகம் மாறியது. நவம்பர் 2020-இல் புது ஐ20 வந்ததும் 'எலைட்' என்ற பெயர் போய்விட்டது. பலேனோ அக்டோபர் 2015-இல் வந்து, 2019 ஜனவரியில் சிறிது மாறி, பிப்ரவரி 2022-இல் பெரிதாக மாறியது. நம் பட்ஜெட்டில் கிடைப்பவை பெரும்பாலும் 2016 முதல் 2019 வரையிலான வண்டிகள்.

இரண்டிலும் பெட்ரோல் எஞ்சின் 1197 சிசி, நான்கு சிலிண்டர், 83-84 பிஎஸ், ஏறத்தாழ 115 நியூட்டன் மீட்டர் இழுவிசை. நீளம் இரண்டுமே நான்கு மீட்டருக்கு ஒரு நூல் உள்ளே. நான்கு மீட்டருக்குள்ளும் 1200 சிசிக்குள்ளும் இருக்கும் பெட்ரோல் காருக்கு வரி குறைவு என்பதால் இரண்டு கம்பெனிகளும் அதே அளவுக்குள் செய்தார்கள். தரையிலிருந்து உயரம் இரண்டுக்கும் 170 மில்லிமீட்டர். டைமிங் பெல்ட் மாற்றும் செலவு இரண்டிலும் இல்லை, செயின்தான்.

வித்தியாசங்கள் சில, ஆனால் அன்றாடம் தெரிபவை. பலேனோவின் டிக்கி 339 லிட்டர், எலைட் ஐ20-க்கு 285. கல்யாணத்துக்குச் சீர்ச் சாமானும் பலகாரத் தூக்கும் ஏற்றிக்கொண்டு போகும் வீட்டுக்கு இந்த 54 லிட்டர் நன்றாகத் தெரியும். பலேனோ எடை குறைந்த வண்டி, அதனால் மைலேஜ் கூடுதல்: கம்பெனிச் சான்றில் லிட்டருக்கு 21.4 கிலோமீட்டர், எலைட் ஐ20 பெட்ரோலுக்கு 18.6. நம் சாலையில், ஏசி போட்டு, ஊருக்குள்ளும் வெளியிலும் கலந்து ஓட்டினால் 17-ம் 14-ம் என்று வைத்துக்கொள்வது நியாயமான கணக்கு.

ஐ20 பக்கம் சொல்ல வேண்டியது இரண்டு. மேல்வகை எலைட் ஐ20-களில் பின்சீட்டுக்குத் தனியாக ஏசி துவாரம் உண்டு. 2022-க்கு முந்தைய பலேனோவில் கிடையாது. சித்திரை வெயிலில் பகல் ஒரு மணிக்குத் தேவகோட்டையிலிருந்து மதுரைக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து போகும் ஆயாவைக் கேட்டால் அந்தத் துவாரத்தின் மதிப்பைச் சொல்வார். இரண்டாவது, ஐ20 கனமான வண்டி. நாற்கரச் சாலையில் எதிர்க்காற்றிலும் பஸ் கடக்கும்போதும் அது அசையாமல் போகும் உணர்வு பலேனோவில் அந்த அளவுக்கு வராது. அந்தக் கனத்துக்கு விலையும் உண்டு: ஐந்து பேரும் ஏசியும் இருந்தால் ஐ20 பெட்ரோல் முந்திச் செல்லத் தயங்கும், ஒரு கியர் இறக்கித்தான் ஏற்ற வேண்டும்.

ஏர்பேக் விஷயத்தில் கவனம் வேண்டும். பலேனோ வந்த நாளிலிருந்தே எல்லா வகையிலும் முன்னால் இரண்டு ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் உண்டு. பழைய எலைட் ஐ20-யில் வகைக்கு வகை மாறும். விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தாலும், ஸ்டியரிங் நடுவிலும் இடப்பக்க டேஷ்போர்டிலும் ஏர்பேக் என்று பொறித்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஒன்றில் மட்டும் இருந்தால், அந்த வண்டியை இன்னும் நல்ல ஒன்றுக்காக விட்டுவிடலாம் என்பேன்.

பெரிய அலாய் சக்கரம் பார்க்க அழகு. பலேனோவின் ஸீட்டா, ஆல்பா வகைகளிலும் ஐ20 ஆஸ்டாவிலும் 16 அங்குலச் சக்கரம், சுவர் குறைந்த டயர். கண்மாய்க்கரைச் செம்மண் ரோட்டில் கல் அடித்தால் முதலில் வாங்குவது அந்த டயர்தான், புது டயரும் விலை அதிகம். பலேனோவில் டெல்டா, ஐ20-யில் மேக்னா அல்லது ஸ்போர்ட்ஸ் நம் ஊருக்குப் போதும்.

டீசல் வேண்டுமா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: தினமும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் மட்டும் யோசியுங்கள். கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் போய்வரும் வண்டிக்குப் பெட்ரோல்தான் சரி.

உங்கள் ஓட்டத்தை எழுதிப் பாருங்கள்

வண்டி தேடுவதற்கு முன் ஒரு தாளில் வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுவீர்கள் என்று எழுதுங்கள். மாதம் இரண்டு முறை மதுரை அல்லது திருச்சி, வாரம் ஒரு பிள்ளையார்பட்டி, தினம் பள்ளிக்கூடம், வருடத்துக்கு ஒரு தடவை குலதெய்வம் என்று கூட்டினால் பல குடும்பங்களுக்கு 8,000 கிலோமீட்டரை ஒட்டித்தான் வரும். அந்த ஓட்டத்துக்குப் பலேனோவுக்கு 470 லிட்டர், ஐ20-க்கு 570 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் வித்தியாசம். இந்தப் பத்தாயிரத்தை ஞாபகத்தில் வையுங்கள். விலை பேசும்போது இது தேவைப்படும். 'மைலேஜ் தரும் வண்டி' என்ற ஒரே காரணத்துக்காக ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுப்பவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை.

வண்டி எந்த ஊரில் இருந்தது?

டிஎன் 63 சிவகங்கை மாவட்டம், டிஎன் 55 புதுக்கோட்டை. இந்த எண்களில் ஓடிய வண்டிகளுக்குப் பெரும்பாலும் செம்மண் தூசிதான் எதிரி. ஏர் ஃபில்டரையும் ஏசியின் கேபின் ஃபில்டரையும் கழற்றிப் பார்த்தால், உரிமையாளர் சர்வீஸ் விட்டாரா இல்லையா என்று தெரிந்துவிடும்.

டிஎன் 65 ராமநாதபுரம், டிஎன் 69 தூத்துக்குடி வண்டிகளுக்கு அடிப்பக்கம் பார்க்காமல் பேச்சே வேண்டாம். உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று காரைக்குடிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. துருப்பிடித்தலை ஆராயும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) நம் ஊரில்தான் இருக்கிறது, கடற்காற்றில் உலோகம் அரிப்பதைக் கவனிக்க மண்டபத்தில் அதற்கு நிலையமும் உண்டு. வண்டியைப் பள்ளத்தின் மேலோ லிஃப்டிலோ ஏற்றி, சைலன்சர் இணைப்புகள், முன்சக்கர சஸ்பென்ஷன் பிடிக்கும் இடம், கதவின் கீழ் விளிம்பு, ஸ்டெப்னி டயர் கிடக்கும் குழி ஆகியவற்றைப் பாருங்கள். மேலாகப் படிந்த பழுப்புத் துரு பயப்பட வேண்டியதல்ல. ஸ்க்ரூ டிரைவரால் தட்டினால் செதில் செதிலாக உதிரும் துரு என்றால் அத்தோடு கிளம்பிவிடலாம்.

வெள்ளம் இன்னொரு பெரிய கேள்வி. சென்னையில் டிசம்பர் 2015-லும், மிக்ஜாம் புயலில் டிசம்பர் 2023-லும் கார்கள் மூழ்கின. அதே டிசம்பர் 2023-இல் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் பெருவெள்ளம் வந்தது. தண்ணீரில் நின்ற கார் பல கை மாறி உள் மாவட்டங்களுக்கு வந்து சேரும். கண்டுபிடிக்க எளிய வழி சீட் பெல்ட். கடைசி வரை இழுத்துப் பாருங்கள், அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் தெரிந்துவிடும். முன்சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்தின் போல்ட்டுகள், மிதியடிக்கும் கீழே உள்ள கம்பளம், டேஷ்போர்டுக்கு அடியில் தெரியும் வயர் இணைப்புகள் ஆகியவற்றில் காய்ந்த மண் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரத்தையும் கேளுங்கள்.

புதுச்சேரிப் பதிவு வண்டி மலிவாகத் தோன்றும். இங்கே பெயர் மாற்றினால் தமிழ்நாட்டுக்கு வரி கட்ட வேண்டும். அதையும் விலையில் சேர்த்துப் பார்த்தால் மலிவு காணாமல் போகும்.

கொட்டகையில் நின்ற வண்டி

இனி நம் பகுதியின் தனிச் சிக்கல். ஏழெட்டு வருட வண்டி, 24,000 கிலோமீட்டர். 'அண்ணன் சிங்கப்பூரில் இருக்கார், வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்தா எடுப்பார், வீட்டைப் பார்த்துக்கிறவர் வாரம் ஒருநாள் ஸ்டார்ட் பண்ணி வைப்பார்' என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கும். பிரச்சினையும் அந்த உண்மையில்தான் இருக்கிறது.

வாரம் ஒருநாள் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது எஞ்சினுக்கு நல்லதல்ல. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராததால், எரிந்த பெட்ரோலிலிருந்து உண்டாகும் நீராவி வெளியேறாமல் ஆயிலிலும் சைலன்சருக்குள்ளும் தங்கிவிடும். ஆயில் கெடும், சைலன்சர் உள்ளிருந்தே அரிக்கும். ஸ்டார்ட் எடுக்கச் செலவான மின்சாரம் ஐந்து நிமிடத்தில் பேட்டரிக்குத் திரும்புவதும் இல்லை. ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உட்புறம் பாருங்கள். தயிர்போல வெள்ளை கலந்த படிவு இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. சில சமயம் நல்ல ஓட்டமும் புது ஆயிலும் போட்டால் சரியாகிவிடும். ஆனால் கூலன்ட் அளவும் குறைந்திருந்தால் உள்ளே கேஸ்கட் போயிருக்கலாம், அந்த வண்டி வேண்டாம்.

பெட்ரோலும் கெடும். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்க்கில் கிடந்த பெட்ரோலால் இன்ஜெக்டர் அடைத்து, காலையில் ஸ்டார்ட் ஆனதும் எஞ்சின் ஆடும். பிரேக் ஆயிலும் அப்படித்தான். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. நின்ற வண்டியில் யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள்.

டயரைக் கோடு மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பக்கவாட்டில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 3518 என்றால் 2018-ஆம் ஆண்டின் 35-ஆம் வாரத்தில் செய்த டயர். கோடு புதிதாக இருந்தாலும் ஆறேழு வருடத்தில் ரப்பர் இறுகி, பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்பு வரும். மதுரை நாற்கரச் சாலையில் வெயில் நேரத்தில் அது வெடித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். நான்கையும் மாற்றும் செலவை அப்போதே விலையில் கழிக்கச் சொல்லுங்கள். ஸ்டெப்னியின் எண்ணும் மற்ற நான்கின் எண்ணும் ஒன்றாக இருந்தால், வண்டி உண்மையிலேயே குறைவாக ஓடியதற்கு அதுவும் ஒரு சாட்சி.

பின்பு எலி. ஊர் வீட்டுக் கொட்டகை, பக்கத்தில் நெல் மூட்டையோ வைக்கோலோ இருந்தால் கேட்கவே வேண்டாம். பானெட்டைத் திறந்து இன்சுலேஷன் பஞ்சில் ஓட்டை, ஃபில்டர் பெட்டிக்குள் கூடு, டேப் சுற்றிய வயர் ஆகியவற்றைத் தேடுங்கள். சுற்றிய டேப் இரண்டு மூன்று இடத்தில் இருந்தால், மெக்கானிக்கிடம் சொல்லி ஸ்கேனர் போட்டுப் பிழைக் குறியீடு பார்க்க வேண்டும். வயரிங் கோளாறு போல இழுத்தடிக்கும் செலவு பழைய காரில் வேறில்லை.

இன்னும் மூன்றைச் சோதியுங்கள். ஹேண்ட் பிரேக்கை விட்டதும் வண்டி தானாக உருள்கிறதா, அல்லது பின்சக்கரம் பிடித்துக்கொண்டிருக்கிறதா? நீண்ட நாள் ஓடாத ஏசியில் கம்ப்ரஸரின் சீல் காய்ந்து கேஸ் கசியும், அதனால் நண்பகலில் இருபது நிமிடம் ஏசியை ஓடவிட்டுப் பாருங்கள். கூலன்ட் நிறம் தெளிவாக இருக்கிறதா, துருத் தண்ணீர்போல இருக்கிறதா?

இவ்வளவு சொல்வதால் இந்த வண்டிகளை வாங்கவே கூடாது என்பதல்ல. உள்ளே இருக்கை, கதவு, பிளாஸ்டிக் எல்லாம் புதுசுபோல இருக்கும், எஞ்சினும் தேய்ந்திருக்காது. செலவு செய்து எழுப்பிவிட்டால் நன்றாக உழைக்கும். அந்தச் செலவை விற்பவர் தாங்க வேண்டும், நீங்கள் அல்ல.

நேரில் பார்க்கும் நாள்

முதல் நாளே போனில் சொல்லிவிடுங்கள்: 'ஐயா, நாங்க வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாம வைங்க.' போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சினில் தெரியும் குறையை உங்களிடமிருந்து மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். காலை வெளிச்சத்தில் போங்கள். கழுவி ஈரமாக இருக்கும் காரில் பெயிண்ட் வித்தியாசம் தெரியாது.

வண்டியைச் சுற்றி வந்து கதவு, பானெட், டிக்கி இடைவெளிகள் இரு பக்கமும் ஒரே அளவா என்று பாருங்கள். முன் ஃபெண்டரையும் பானெட் கீலையும் பிடிக்கும் போல்ட்டுகளின் தலையில் பெயிண்ட் உரிந்திருந்தால் ஸ்பேனர் பட்டிருக்கிறது. ஒரு கதவு பெயிண்ட் அடித்ததற்காக வண்டியை ஒதுக்க வேண்டாம். நம் ஊர்ச் சந்துகளில் ஒரு கீறல் இல்லாத கார் அபூர்வம். ஆனால் பானெட்டுக்கு உள்ளே, ரேடியேட்டரின் இரு பக்கமும் போகும் இரும்புச் சட்டத்தில் நெளிவோ வெல்டிங்கோ இருந்தால் எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

கிலோமீட்டரை நம்புவதற்கு முன் கம்பெனி சர்வீஸ் வரலாற்றைக் கேளுங்கள். மாருதியிலும் ஹூண்டாயிலும் வண்டி எண்ணைக் கொடுத்தால் உரிமையாளருக்கு எடுத்துக் கொடுப்பார்கள். தேதியும் கிலோமீட்டரும் ஏறுமுகமாக இருக்க வேண்டும். ஓடோமீட்டர் 30,000 என்று சொல்லி, பிரேக் மிதியின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, ஸ்டியரிங் பளபளத்து, டிரைவர் சீட்டின் வெளி விளிம்பு நசுங்கியிருந்தால் எண் பொய் சொல்கிறது.

அப்போதே சேஸிஸ் எண்ணை வைத்துக் கம்பெனி இணையதளத்தில் ரீகால் (குறையைச் சரிசெய்யக் கம்பெனி வண்டியைத் திரும்ப அழைப்பது) நிலுவை உண்டா என்று பார்த்துவிடுங்கள். 2019-ஆம் வருடப் பலேனோ பெட்ரோலில் ஃப்யூவல் பம்ப் குறைக்காக 2020 ஜூலையில் மாருதி பெரிய அளவில் திரும்ப அழைத்தது. வீட்டிலேயே நின்ற வண்டி அந்த அழைப்புக்குப் போயிருக்காது. இலவசமாக மாற்றித்தரும் வேலை இது, விட்டுவிடக் கூடாது.

ஓட்டிப் பார்க்கும் வழி

தெருமுனை வரை போய்த் திரும்புவது சோதனை ஆகாது. காரைக்குடியில் என்றால் கல்லுக்கட்டிப் பக்கம் நெரிசலில் கொஞ்சம் ஊர்ந்து, செக்காலை ரோடு வழியாக வந்து, நூறடிச் சாலையில் கியரை ஏற்றி, குன்றக்குடி தாண்டிப் பிள்ளையார்பட்டி வரை போய் வாருங்கள். எல்லா விதமான ஓட்டமும் இதில் வந்துவிடும். வீட்டிலிருந்து இரண்டு பேரைப் பின்னால் உட்கார வைத்துப் போவது இன்னும் நல்லது. காலடி இடம், ஏசி, சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் அவர்கள் சொல்வார்கள்.

நெரிசலில் கிளட்ச் எந்த உயரத்தில் பிடிக்கிறது என்று கவனியுங்கள். மிதி கிட்டத்தட்ட முழுக்க மேலே வந்த பிறகே வண்டி நகர்ந்தால் கிளட்ச் தட்டு முடியப்போகிறது. வேகத்தடைகளில் மெதுவாக ஏறி இறங்கும்போது ரேடியோவை அணைத்து, கண்ணாடியை இறக்குங்கள். முன்பக்கம் 'டொக் டொக்' என்றால் லிங்க் ராடு அல்லது புஷ், சிறிய செலவு. நிறுத்திய நிலையில் ஸ்டியரிங்கை இரு பக்கமும் அசைக்கும்போது ஸ்டியரிங் தண்டிலிருந்தே சத்தம் வந்தால், ஐ20-யில் மின் ஸ்டியரிங்கின் உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் இணைப்பைச் சந்தேகப்படலாம். பாகம் மலிவு, வேலைக்கூலி கூடுதல். ஸ்டியரிங்கைக் கடைசி வரை திருப்பி வட்டமடிக்கும்போது 'கட கட' என்றால் ஆக்ஸில் ஜாயின்ட்.

திறந்த சாலையில் எண்பதில் போகும்போது ஸ்டியரிங் நடுங்குகிறதா? காலி ரோடு பார்த்து அழுத்திப் பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறதா? நின்ற வண்டியில் டிஸ்க் துருப்பிடித்து, பிரேக் மிதி காலுக்கு அடியில் அதிரும்.

திரும்பி வந்ததும் எஞ்சினை அணைக்காமல், ரேடியேட்டர் ஃபேன் சுற்றி நிற்கும் வரை காத்திருங்கள். அப்புறம் அணைத்து உடனே மறுபடி ஸ்டார்ட் ஆகிறதா என்று பாருங்கள். உங்களுக்கு நம்பிக்கையான மெக்கானிக்கை, விற்பவரோ புரோக்கரோ காட்டும் ஆளை அல்ல, கூலி கொடுத்து அழைத்துப் போங்கள்.

உண்மையான விலை

இரண்டு வண்டிகள் கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். பள்ளத்தூரில் 2018 பலேனோ டெல்டா, 24,000 கிலோமீட்டர், கொட்டகையில் நின்றது, 5,40,000 ரூபாய் கேட்கிறார்கள். மதுரையில் 2018 ஐ20 ஸ்போர்ட்ஸ், 66,000 கிலோமீட்டர், தினமும் ஓடியது, எல்லா சர்வீஸ் ரசீதும் இருக்கிறது, 4,90,000 ரூபாய். பார்த்தவுடன் மனசு பலேனோவுக்குத்தான் போகும்.

இரண்டுக்கும் முதல் மூன்று மாதச் செலவை எழுதுங்கள். தொகைகள் உத்தேசம், கடைக்குக் கடை மாறும். பலேனோவுக்கு நான்கு டயர் 22,000, பேட்டரி 5,500, எல்லா ஆயிலும் கூலன்ட்டும் மாற்றி முழு சர்வீஸ் 12,000, பிரேக் வேலை 6,000, ஏசி 8,000. கூட்டினால் 53,500. ஐ20-க்கு இரண்டு டயர் 11,000, கிளட்ச் 12,000, சஸ்பென்ஷன் சில்லறை 8,000, சர்வீஸ் 7,000, ஆக 38,000. அப்படியென்றால் பலேனோவின் உண்மையான விலை 5,93,500. ஐ20-க்கு 5,28,000.

இடையில் 65,500 ரூபாய். வருடத்துக்குப் பத்தாயிரம் பெட்ரோல் மிச்சம் என்று பார்த்தால், அந்தப் பணத்தைப் பலேனோ திருப்பித் தர ஆறரை வருடம் ஆகும். இந்த நிலையில் நான் ஐ20-யைத்தான் எடுக்கச் சொல்வேன். தொடர்ந்து ஓடி, தொடர்ந்து பராமரித்த எஞ்சின் 66,000-த்தில் நடு வயதுகூட ஆகவில்லை. பள்ளத்தூர்க்காரர் 4,75,000-க்கு இறங்கி வந்தால் இரண்டின் உண்மையான விலையும் ஏறத்தாழ சமம். அப்போதுதான் மாடலைப் பற்றிய கேள்விக்கு இடம் வருகிறது: சாமான் அதிகம் ஏற்றுபவர், கிராமத்தில் இருப்பவர், நான்கு வருடத்தில் விற்க நினைப்பவர் பலேனோவை எடுக்கலாம். பெரியவர்களைப் பின்சீட்டில் வைத்து அடிக்கடி நெடுந்தூரம் போகிறவர் ஐ20-யை எடுக்கலாம்.

பேரம் பேசும்போது இந்தத் தாளையே விற்பவர் முன் வையுங்கள். 'குறைச்சுக் குடுங்க' என்பதைவிட, டயரின் வருடத்தையும் பேட்டரியின் தேதியையும் காட்டிப் பேசினால் மரியாதையும் கெடாது, விலையும் இறங்கும்.

உரிமையாளர் ஊரில் இல்லை என்றால்

விற்கப் பேசுகிறவர் தம்பியாகவோ மைத்துனராகவோ இருப்பார், ஆர்.சி. புத்தகத்தில் பெயர் வேறாக இருக்கும். நம் பகுதியில் இது சாதாரணம். ஆனால் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் ஆர்.சி.யில் உள்ளவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். இணையத்தில் விண்ணப்பிக்கும்போது பதிவான கைபேசிக்கு ஓடிபி போகும். அந்த எண் இன்னும் அவரிடம் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். அவர் அடுத்து எப்போது ஊருக்கு வருகிறார் என்று தெரிந்துகொண்டு, அதுவரை முழுப் பணத்தைக் கொடுக்காமல் இருப்பது நல்லது. வீடியோ அழைப்பில் அவரிடமே விலையை உறுதி செய்துகொள்ளுங்கள்.

உரிமையாளர் காலமாகியிருந்தால், வாரிசு முதலில் படிவம் 31 மூலம் வண்டியைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கு முன் வாங்கினால் சொத்துப் பாகப் பிரச்சினைக்குள் நீங்களும் போய் நிற்பீர்கள்.

வண்டி எண்ணை மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் போட்டு, கடன் நிலுவை, இன்சூரன்ஸ் தேதி, அபராதச் சலான் எல்லாம் பாருங்கள். கடனில் வாங்கிய வண்டி என்றால், கடன் முடிந்தாலும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நிற்கும். அதை நீக்க வங்கியின் கடிதமும் படிவம் 35-உம் வேண்டும். வேறு மாவட்ட வண்டி என்றால் எந்த அலுவலகத்தில் கொடுப்பது, தடையில்லாச் சான்று தேவையா என்பதை நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பணம் கொடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

பணம் கொடுத்த பிறகு

முன்பணம் கொடுத்தால் வண்டி எண், மொத்த விலை, எந்தக் காரணத்துக்குத் திரும்பக் கிடைக்கும் என்று எழுதி வாங்குங்கள். மீதியை வங்கி வழியாகவே அனுப்புங்கள். இரண்டு லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவது வருமான வரிச் சட்டப்படி கூடாது என்பதை விற்பவருக்கும் சொல்லலாம். வண்டியை எடுக்கும்போது தேதி, மணி, கிலோமீட்டர் எழுதி இருவரும் கையெழுத்திட்ட ரசீது அவரிடம் ஒன்று, உங்களிடம் ஒன்று. அதற்குப் பின் நடக்கும் விபத்துக்கோ அபராதத்துக்கோ யார் பொறுப்பு என்பதை இந்தத் தாள் சொல்லும்.

விற்றவர் மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கிய நீங்கள் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுதுங்கள். நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) பழைய உரிமையாளருடையது, வண்டியோடு வராது. அதனால் பிரீமியம் சிறிது ஏறும்.

முதல் வாரத்திலேயே எஞ்சின் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட், இரண்டு ஃபில்டர்களும் மாற்றிவிடுங்கள், யார் என்ன சொல்லியிருந்தாலும் சரி. மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் பானெட்டுக்குள் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். கொட்டகை வண்டியாக இருந்தால் டேங்க்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை இறக்கிவிட்டுப் புதிதாக நிரப்பி, வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் நல்ல வேகத்தில் ஓட்டுங்கள். முதல் ஆயிரம் கிலோமீட்டர் முடிந்ததும் ஆயில் மூடியை இன்னொரு முறை திறந்து பார்த்து, வெள்ளைப் படிவு மறுபடி வந்திருந்தால் உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.